தெருவைக் கடந்தவர்

நுழையும்முன்

துன்பத்தில் இருப்பவரின் அருகமர்ந்து, அவர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டு, அவர் தமக்கான வழியைக் கண்டறியத் துணைநிற்கும் பணியை ஆற்றுப்படுத்துதல் என்கிறோம். இன்று அது பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. இளநிலையில் உளவியல் படிக்காத ஒருவர் அப்படிப்பில் சேரலாமா, சேர்ந்தால் ஈடுகொடுக்க இயலுமா என்னும் ஐயம் பலருக்கும் எழுகிறது. அத்துறையின் முன்னோடிகளுள் தலையாயவராகக் கருதப்படும் கார்ல் ரோஜர்ஸ், வேளாண்மை படிக்கச் சென்று, வரலாற்றில் பட்டம் பெற்று, சமயக் கல்லூரியில் ஈராண்டு பயின்றபின் உளவியலுக்குள் நுழைந்தவர். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பண்ணையில் தொடங்கிய கல்வி

கார்ல் ரேன்சம் ரோஜர்ஸ் 1902ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரை அடுத்த ஓக் பார்க் என்னும் ஊரில் பிறந்தார். ஆறு குழந்தைகளுள் அவர் நான்காமவர். தந்தை வால்டர் கட்டுமானப் பொறியாளர். தாய் ஜூலியா ஆழ்ந்த சமயப்பற்று உடையவர். பிள்ளைகள்மீது பெற்றோருக்கு அன்பு மிகுதி. கட்டுப்பாடும் அதற்கு ஈடாக இருந்தது. மது, சீட்டாட்டம், நடனம், நாடகம் ஆகியவற்றுக்கு அவ்வீட்டில் இடமில்லை. இடைவிடாத உழைப்பே வாழ்க்கை நெறி. பள்ளியில் சேருமுன்னரே நன்றாக வாசிக்கக் கற்றுவிட்டதால் சிறுவன் கார்ல் நேராக இரண்டாம் வகுப்பில் சேர்க்கப்பட்டான். நண்பர்கள் குறைவு, நூல்களே துணை.

கார்லுக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் சிகாகோவுக்கு மேற்கே ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. வளரும் பிள்ளைகளை நகரத்தின் ஈர்ப்புகளிலிருந்து விலக்கி வைப்பதும் அதற்கு ஒரு காரணம். அங்குக் கார்ல் இருவகை ஈடுபாடுகளில் தோய்ந்தார். ஒன்று, இரவில் பறக்கும் பெரிய விட்டில் பூச்சிகள். அவற்றைப் பிடித்துவந்து, முட்டையிடச் செய்து, புழுவையும் கூட்டுப்புழுவையும் மாதக்கணக்கில் காத்திருந்து வளர்த்தார். மற்றொன்று வேளாண் அறிவியல். தந்தை தம் பண்ணையை அறிவியல் முறைப்படி நடத்த விரும்பி அத்துறை நூல்களை வாங்கி வைத்திருந்தார். கால்நடைத் தீவனம் பற்றிய தடித்த நூலொன்றைப் பதினான்கு வயதுச் சிறுவன் ஊன்றிப் படித்தான்.

அந்நூல் அவருக்குக் கற்றுத்தந்தது தீவனத்தைப் பற்றி மட்டுமன்று. ஒரு புதிய தீவனம் பால் பெருக்கத்துக்கு உதவுகிறதா என அறிய வேண்டுமானால், எல்லா வகையிலும் ஒத்த இரு குழுக்களாக மாடுகளைப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு அத்தீவனத்தைக் கொடுத்து, மற்றொரு குழுவுக்குக் கொடாது விட வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஆய்வு முறையியலின் அரிச்சுவடியை அவர் மாட்டுத்தொழுவத்தில் கற்றார் என்றால் அது மிகையாகாது. உளவியல் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் கற்கும் அதே பாடம் அது.

பண்ணை வாழ்க்கையின் வேறொரு காட்சியும் அவர் நினைவில் தங்கியது. குளிர்காலத் தேவைக்காக வீட்டின் நிலவறையில் உருளைக்கிழங்குகளைக் குவித்து வைத்திருந்தனர். சில அடி உயரத்தில் ஒரு சிறு சன்னல் மட்டுமே இருந்தது. மண்ணில்லை, நீரில்லை. ஆயினும் அக்கிழங்குகள் வெளிறிய முளைகளை விட்டு, அச்சன்னலின் ஒளியை நோக்கி இரண்டு மூன்று அடிவரை நீண்டன. செடியாக முழுமை பெறும் வாய்ப்பு அவற்றுக்கு இல்லை. எனினும் வளரும் முயற்சியை அவை கைவிடவில்லை. மனித மனத்தைப் பற்றி முதுமையில் எழுதும்போதும் ரோஜர்ஸ் இக்காட்சியை நினைவுகூர்ந்தார்.

வேளாண்மையிலிருந்து வரலாற்றுக்கு

1919ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் படிப்பில் சேர்ந்தார். அங்கு மாணவர் சமய மாநாடுகளில் கலந்துகொண்டபின், சமய ஊழியமே தமக்கு ஏற்ற வாழ்வு எனத் துணிந்தார். அதற்கு வரலாறு பொருத்தமான அடித்தளமாகும் எனக் கருதி அப்பாடத்துக்கு மாறினார்.

1922ஆம் ஆண்டு சீனாவின் பீக்கிங் நகரில் நடைபெற்ற உலகக் கிறித்தவ மாணவர் மாநாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட சில மாணவர்களுள் அவரும் ஒருவர். அப்பயணம் ஆறு மாதங்களுக்கும் மேலாக நீடித்தது. கப்பலில் அறிஞர்களோடும் பிற மாணவர்களோடும் நாள்தோறும் உரையாடல். முதல் உலகப்போர் முடிந்து நான்காண்டுகள் ஆகியும், பிரெஞ்சு மாணவர்களும் ஜெர்மானிய மாணவர்களும் ஒருவரையொருவர் வெறுப்பதை அவர் கண்டார். நல்லெண்ணமும் நேர்மையும் உடைய மனிதர்கள் முற்றிலும் வேறுபட்ட நம்பிக்கைகளைக் கொண்டிருக்கக்கூடும் என்பது இருபது வயது இளைஞருக்குப் பெருந்திகைப்பாக இருந்தது. தம் மனத்தில் தோன்றியவற்றை எல்லாம் ஒளிவுமறைவின்றி வீட்டுக்குக் கடிதங்களாக எழுதினார். அக்காலக் கடல் அஞ்சல் மெதுவானது. மகனின் சமயக் கருத்துகள் மாறிவருவதை அறிந்து பெற்றோர் வருந்தி எழுதிய மறுமொழி வந்துசேர்வதற்குள் அவர் இன்னும் தொலைவு சென்றிருந்தார். அஞ்சலின் தாமதம் அவருக்குச் செய்த நன்மை சிறிதன்று.

திரும்பிவந்த சில காலத்தில் குடற்புண் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. உடல் தேறும் காலத்தில் மரக்கடை ஒன்றில் வேலை செய்துகொண்டே, அஞ்சல்வழியில் அறிமுக நிலை உளவியல் பாடம் ஒன்றைப் படித்தார். வில்லியம் ஜேம்ஸ் எழுதிய நூலே பாடநூல். பட்டப்படிப்புக் காலத்தில் அவர் பயின்ற உளவியல் பாடம் இது ஒன்றே. நாய்க்குப் பகுத்தறியும் ஆற்றல் உண்டா இல்லையா என்பது பற்றி ஆசிரியரோடு கடிதங்களில் வாதிட்டதைத் தவிர வேறெதுவும் அதிலிருந்து அவர் நினைவில் தங்கவில்லை. தம் வீட்டு நாயைக் கண்டறிந்த அவர், உண்டு என்று வாதிட்டார். 1924இல் வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றார். உளவியலில் அவருக்கிருந்த முன்னறிவு அவ்வளவே.

தெருவின் எதிர்ப்புறம்

அவ்வாண்டே, இளமை முதல் பழகியவரும் ஓவியக்கலை பயின்றவருமான ஹெலன் எலியட்டை மணந்துகொண்டு நியூயார்க் நகருக்குச் சென்றார். அங்குள்ள யூனியன் சமயக் கல்லூரி தாராளச் சிந்தனைக்குப் பெயர்பெற்றது. பழமைப் போக்குடைய பிரின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தால் முழுச் செலவையும் ஏற்பதாகத் தந்தை கூறியும், ரோஜர்ஸ் உடன்படவில்லை.

யூனியனில் மாணவர் சிலர் ஒன்றுகூடி நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள் விடுத்தனர். தங்களுக்கு ஆயத்தக் கருத்துகள் ஊட்டப்படுவதாகவும், தங்கள் சொந்த ஐயங்களைத் தாங்களே ஆராய ஒரு வகுப்பு வேண்டும் என்றும் அவர்கள் கூறினர். அவ்வகுப்புக்கு ஆசிரியர் இருக்கலாகாது. பாடத்திட்டம் மாணவர் எழுப்பும் வினாக்களே. ஆயினும் படிப்புக்குரிய மதிப்பெண் அளிக்கப்பட வேண்டும். கல்லூரி இதற்கு இசைந்தது. இளம் ஆசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும், ஆனால் மாணவர் விரும்பினாலன்றி அவர் பேசக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. இன்றைக்கும் எந்த நிறுவனம் எளிதில் இதற்கு ஒப்பும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. அவ்வகுப்பில் தம் ஐயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்த மாணவர் பலர், சமய ஊழியத்தைவிட்டு வெளியேறும் முடிவுக்கு வந்தனர். ரோஜர்ஸ் அவர்களுள் ஒருவர்.

அவர் சமயத்தின்மீது வெறுப்புக் கொண்டு வெளியேறவில்லை. மனிதர்க்கு உதவ வேண்டும் என்னும் விருப்பம் முன்போலவே இருந்தது. ஆனால், குறிப்பிட்ட ஒரு கோட்பாட்டை வாழ்நாள் முழுதும் நம்பியே ஆகவேண்டிய தொழிலில் தம்மைப் பிணைத்துக்கொள்ள அவர் அஞ்சினார். தம் நம்பிக்கைகள் ஏற்கெனவே பெரிதும் மாறியிருப்பதையும் இனியும் மாறக்கூடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். யூனியனுக்கு எதிரே, பிராட்வே சாலையின் மறுபுறத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி இருந்தது. சமயக் கல்லூரி மாணவராக இருந்தபோதே அங்குச் சில பாடங்களைக் கேட்டுவந்தார். வில்லியம் கில்பாட்ரிக்கின் கல்வித் தத்துவ வகுப்பு அவற்றுள் ஒன்று. லெட்டா ஹாலிங்வொர்த்தின் மருத்துவ உளவியல் வகுப்பு மற்றொன்று. பரிவும் ஆய்வுத்திறனும் ஒருங்கே வாய்ந்த ஹாலிங்வொர்த்தின் கீழ்தான் அவர் முதன்முதலில் இடர்ப்படும் குழந்தைகளோடு நேரில் பணியாற்றினார். 1926இல் அவர் தெருவைக் கடந்து அக்கல்லூரியில் முழுநேர மாணவரானார். அப்போது அவருக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர்.

ஈடுசெய்த ஆண்டுகள்

பிறதுறை மாணவர் புதிய துறைக்கு வரும்போது இரு குறைகளை எதிர்கொள்கிறார். ஒன்று, அத்துறையின் அடிப்படைகளை அறியாமை. மற்றொன்று, அத்துறையார் அவரை அயலாராகப் பார்ப்பது. முதற்குறையை உழைப்பால் தீர்க்கலாம். இரண்டாவது அத்தனை எளிதில் தீர்வதன்று.

ரோஜர்ஸ் முதற்குறையைத் தீர்த்த விதம் கருதத்தக்கது. ஆசிரியர் கல்லூரியில் புள்ளியியலும் அளவீட்டு முறைகளும் வலுவாகக் கற்பிக்கப்பட்டன. அவற்றில் அவர் குறுக்குவழி எதையும் நாடவில்லை. ஒன்பது முதல் பதின்மூன்று வயதுவரையுள்ள குழந்தைகள் தம் சூழலோடு எவ்வாறு பொருந்தி வாழ்கின்றனர் என்பதை அளக்கும் தேர்வொன்றை உருவாக்கி, அதனையே முனைவர் பட்ட ஆய்வாக அளித்தார். 1931இல் பட்டம் கிடைத்தது. அத்தேர்வு பல்லாண்டுகள் பயன்பாட்டில் இருந்தது.

இதற்கிடையே 1927இல் நியூயார்க்கில் புதிதாகத் தொடங்கப்பட்ட குழந்தை வழிகாட்டல் நிலையத்தில் ஓராண்டுப் பயிற்சி நல்கைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதலில் 2500 டாலர் என அறிவிக்கப்பட்ட தொகை, பின்னர் மனநல மருத்துவர்க்கு மட்டுமே உரியது என்றும் உளவியலார்க்கு 1200 டாலர்தான் என்றும் கடிதம் வந்தது. அவர் சினந்து மறுப்பு எழுதினார். நிலையம் இறங்கிவந்து முழுத் தொகையையும் வழங்கியது. மருத்துவரல்லாதாரும் உள்ளத்துயர் தீர்க்கும் பணியில் சமநிலை பெறுவதற்காக அவர் நடத்திய நெடும்போராட்டத்தில் இது முதல் நிகழ்வு எனலாம்.

அந்நிலையத்தில் பிராய்டின் கோட்பாடு கோலோச்சியது. தெருவின் ஒருபுறக் கல்லூரியில் எண்களும் அளவைகளும்; நிலையத்திலோ ஆழ்மனமும் உணர்ச்சிகளும். ஒன்றையொன்று அறியாத இரண்டு உலகங்களுக்கிடையே நாள்தோறும் சென்று வந்தார். குழந்தை ஒன்றைப் பற்றிய வரலாற்றுக் குறிப்பே ஐம்பது, அறுபது பக்கங்களுக்கு எழுதப்படும் வழக்கம் அங்கிருந்தது. அவ்வாண்டு உரையாற்ற வந்த ஆல்பிரட் அட்லர், இத்தகைய விரிவான வரலாறு தேவையில்லை எனக் கூறியது நிலையத்தாரை அதிரச் செய்தது. இளம் ரோஜர்ஸும் அன்று அதனை ஏற்கவில்லை. அது எவ்வளவு உண்மை என உணரப் பின்னர் பல ஆண்டுகள் ஆயின.

வாசலில் திரும்பிய தாய்

1928இல் ராச்செஸ்டர் நகரில், குழந்தைகளுக்கு எதிரான கொடுமையைத் தடுக்கும் கழகத்தின் குழந்தை ஆய்வுப் பிரிவில் பணியேற்றார். ஆண்டுச் சம்பளம் 2900 டாலர். பல்கலைக்கழக உலகத்திலிருந்து விலகிய இடம் அது. நீதிமன்றங்களும் அறநிலையங்களும் அனுப்பும் குழந்தைகள் நாள்தோறும் வந்தனர். புறக்கணிக்கப்பட்டோர், திருடியோர், வீட்டைவிட்டு ஓடியோர் எனப் பலதிறத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். அவருடைய உண்மையான பட்டமேற்படிப்பு அப்பன்னிரண்டு ஆண்டுகளே என்பது என் கருத்து.

அங்கு ஒரே ஓர் அளவுகோல் இருந்தது. பின்பற்றும் முறை பயன் தருகிறதா இல்லையா என்பதே அது. தீவைக்கும் பழக்கம் கொண்ட சிறுவன் ஒருவனைப் பல நாள்கள் சந்தித்து, புகழ்பெற்ற அறிஞர் ஒருவரின் கோட்பாட்டின்படி அவன் மனத்தில் மறைந்திருந்த உந்துதலைக் கண்டுபிடித்துவிட்டதாக ரோஜர்ஸ் மகிழ்ந்தார். சிக்கல் தீர்ந்தது எனச் சிறுவன் விடுவிக்கப்பட்டான், மீண்டும் தீவைத்தான். அறிஞர்களும் தவறக்கூடும், இன்னும் கண்டறியப்படாத அறிவு உளது என்பதை அந்நிகழ்வு அவருக்கு உணர்த்தியது. மற்றொரு நிகழ்வும் உண்டு. தொடக்கத்தில், பெற்றோரிடம் வினவும் முறைக்கு மிகச்சிறந்த எடுத்துக்காட்டு எனக் கருதி ஓர் அச்சிட்ட நேர்காணலைப் பாதுகாத்து வைத்திருந்தார். சில ஆண்டுகள் கழித்து அதை எடுத்துப் படித்தபோது திடுக்கிட்டார். திறமையான வழக்குரைஞர் குற்றவாளியை மடக்குவதுபோல் அது இருந்தது.

திருப்புமுனையாக அமைந்தது வேறொரு தாயின் வருகை. அவருடைய மகன் அடங்காதவன். தாய் அவனைக் குழந்தைப் பருவத்தில் மனத்தால் ஒதுக்கியதே அதற்குக் காரணம் என்பது ரோஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பல சந்திப்புகளில், மிகுந்த பொறுமையோடும் மென்மையோடும், அதனை அத்தாய்க்கு உணர்த்த முயன்றார். பயனில்லை. இறுதியில், இருவரும் முயன்றும் இயலவில்லை, இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் எனக் கூறினார். அவரும் ஒப்புக்கொண்டார். கைகுலுக்கி விடைபெற்று வாசல்வரை சென்ற தாய் திரும்பி நின்றார். இங்குப் பெரியவர்களுக்கும் ஆலோசனை வழங்குவதுண்டா எனக் கேட்டார். உண்டு என்றதும், தமக்கும் உதவி வேண்டும் எனக் கூறி, எழுந்துவந்த அதே நாற்காலியில் மீண்டும் அமர்ந்தார். தம் மணவாழ்வின் கசப்பையும், கணவரோடு ஏற்பட்ட பிளவையும், தோல்வியுணர்வையும் குமுறிக் கொட்டினார். அதுவரை அளித்துவந்த ஒழுங்கான வரலாற்றுக்கும் இதற்கும் எவ்வகை ஒற்றுமையும் இல்லை.

என்ன செய்வது எனத் தெரியாத ரோஜர்ஸ், அன்று பெரும்பாலும் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தார். சந்திப்புகள் தொடர்ந்தன. தாய்க்கும் தந்தைக்கும் இடையிலான உறவு சீர்பட்டது. மகனின் நடத்தையும் மாறியது. எங்கே வலிக்கிறது, எத்திசையில் செல்ல வேண்டும், எந்த அனுபவம் ஆழத்தில் புதைந்துள்ளது என்பவற்றை அறிந்தவர் உதவி நாடி வருபவரே எனும் தெளிவு ரோஜர்ஸுக்கு இதனால் பிறந்தது. தம் அறிவை வெளிப்படுத்த விரும்பாதவரை, அவர்தம் போக்கைப் பின்தொடர்ந்து செல்வதே சிறந்தது என அவர் கருதலானார்.

அயலார் என்னும் குறை இக்காலத்தும் அவரைவிட்டு நீங்கவில்லை. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை, அவர் செய்வது உளவியலே அன்று எனக் கூறி அக்கறை காட்டவில்லை. சமூகவியல் துறையும் பிறகு கல்வியியல் துறையும்தான் அவரை வகுப்பெடுக்க அழைத்தன. ராச்செஸ்டர் காலத்தின் இறுதியில்தான் உளவியல் துறை அவ்வகுப்புகளை ஏற்றது. மறுபுறம், புதிய வழிகாட்டல் நிலையத்துக்கு மருத்துவரல்லாத ஒருவர் தலைவராகலாமா எனும் எதிர்ப்பும் எழுந்தது. ஓராண்டுக்கு மேல் வாதாடி அவர் வென்றார்.

கேட்டலுக்கு ஓர் இலக்கணம்

1939இல், இடர்ப்படும் குழந்தைகளுக்கான சிகிச்சை குறித்து அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அதன் பயனாக ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் அவரை நேரடியாகப் பேராசிரியர் பதவிக்கு அழைத்தது. 1940 டிசம்பர் 11ஆம் நாள் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரையைப் புதியதொரு நெறியின் பிறந்தநாளாகக் குறிப்பிடுவர். அறிவுரையும் கட்டளையும் பழைய முறைகள் என்றும், வளர்ச்சிக்கான உந்துதல் நாடி வருபவரிடமே உள்ளது என்றும் அவர் வாதிட்டார். கடும் எதிர்ப்பும் மிகுந்த பாராட்டும் ஒருங்கே எழுந்தன. 1942இல் அக்கருத்துகளை விரித்து நூலாக்கினார். முதலுக்கு மோசமின்றி 2000 படிகளாவது விற்குமா எனப் பதிப்பகத்தார் தயங்கினர். அந்நூல் பல்லாயிரக்கணக்கில் விற்றது.

இந்நூலில் ஒரு புதுமை இருந்தது. ஒருவரோடு நிகழ்ந்த எட்டுச் சந்திப்புகளும் சொல்லுக்குச் சொல் அச்சிடப்பட்டிருந்தன. அதுவரை மூடிய அறைக்குள் நடப்பதை ஆற்றுப்படுத்துநரின் நினைவுக்குறிப்பு வாயிலாகவே பிறர் அறிந்தனர். ரோஜர்ஸும் மாணவர்களும் நாடி வந்தவரின் இசைவோடு உரையாடல்களை இசைத்தட்டுகளில் பதிவுசெய்தனர். ஒரு தட்டின் பக்கம் சில நிமிடங்களே ஓடும். ஆகவே இரு கருவிகளை வைத்து, ஒன்றில் தட்டு முடியும்போது மற்றொன்றை இயக்கினர். பதிவுகளைக் கேட்ட ஆற்றுப்படுத்துநர்கள், தாம் எவ்வளவு மிகுதியாகப் பேசினோம், எங்கே குறுக்கிட்டோம் என்பதைத் தம் காதாலேயே அறிந்தனர். கற்பித்தலில் இதைவிட நேர்மையான கருவி வேறொன்று இருக்க இயலாது.

உதவி பெற வருபவரை நோயாளி எனக் குறிக்கும் வழக்கத்தையும் அவர் கைவிட்டார். நோயாளி என்றால் மருத்துவர் மேலிருந்து மருந்து தருபவராகிறார். நாடி வருபவர் என்றால் பொறுப்பு வருபவரிடமே தங்குகிறது. ஆற்றுப்படுத்துதல் எனும் நம் சொல்லையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். சங்க கால ஆற்றுப்படையில், பரிசில் பெற்று மீள்பவர் எதிரே வரும் வறியவருக்கு வள்ளலின் ஊரையும் செல்லும் வழியையும் விளக்கிச் சொல்வார். வழியறிந்தவர் அவர். ரோஜர்ஸ் காட்டும் ஆற்றுப்படுத்துநர் வழியறியாதவர். இருளில் நடப்பவருடன் விளக்கேந்தி உடன் நடப்பதே அவர் பணி. இவ்வேறுபாட்டை மறந்தால் அச்சொல் நம்மை அறிவுரையின் பக்கம் இழுத்துச் சென்றுவிடும்.

சிகாகோ ஆண்டுகள்

1945 முதல் 1957 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆற்றுப்படுத்தும் மையத்தை நிறுவி நடத்தினார். 1946இல் அமெரிக்க உளவியல் கழகம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. உளவியலார் அல்லர் எனச் சில ஆண்டுகளுக்குமுன் கருதப்பட்டவர்க்குக் கிடைத்த பெருமை இது. 1951இல் நாடி வருபவரை மையமாகக் கொண்ட சிகிச்சை பற்றிய நூலை வெளியிட்டார்.

அவர் புகழ் வளர்ந்த அதே காலத்தில் அவருக்குப் பெருந்துன்பமும் நேர்ந்தது. கடுமையான உளக்குழப்பத்துக்கு ஆளான பெண் ஒருவர்க்கு நெடுநாள் சிகிச்சை அளித்துவந்தார். அவருடைய தேவைகளின் சுமையால் தம் எல்லைகளை இழந்து, தாமே நிலைகுலையும் நிலைக்கு வந்தார். அவரை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவியுடன் ஊரைவிட்டு வெளியேறி, இரண்டு மூன்று மாதங்கள் திரிந்தார். மீண்டபோதும் தம்மைத் தகுதியற்றவராகவே உணர்ந்தார். அப்போது தம் மையத்தைச் சேர்ந்த இளைய சக பணியாளர் ஒருவரிடமே நாடி வருபவராகச் சென்று அமர்ந்தார். தாம் பிறருக்கு அளித்ததைத் தாம் பெற்றறிந்தார். இதனை அவர் மறைக்கவில்லை. தம் வரலாற்றை எழுதுகையில் வெளிப்படையாகக் குறிப்பிட்டார். நல்லெண்ணம் ஒன்றையே கைம்முதலாகக் கொண்டு இத்துறைக்குள் நுழைய விரும்புவோர் அவர் வரலாற்றில் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுவே.

ஆய்விலும் அவர் தளரவில்லை. இச்சிகிச்சை உண்மையில் பயன் தருகிறதா என்னும் வினாவுக்கு, பண்ணையில் கற்ற முறையே கைகொடுத்தது. நாடி வந்தவருள் ஒரு பகுதியினரை அறுபது நாள்கள் காத்திருக்கச் செய்து, அக்காலத்தில் மாற்றம் நிகழ்கிறதா எனப் பார்த்தனர். சிகிச்சை பெறாத, ஒத்த இயல்புடைய மற்றொரு குழுவினரையும் ஒப்பிட்டனர். தம்மைப் பற்றிய நூறு கூற்றுகள் எழுதிய அட்டைகளை ஒவ்வொருவரும் தாம் இருக்கும் நிலைக்கேற்பவும், இருக்க விரும்பும் நிலைக்கேற்பவும் இருமுறை அடுக்க வேண்டும். சிகிச்சைக்குப்பின் அவ்விரு அடுக்குகளும் நெருங்கிவந்தன. காத்திருந்த காலத்தில் அந்நெருக்கம் ஏற்படவில்லை. 1954இல் இம்முடிவுகள் நூலாயின. 1956இல் அமெரிக்க உளவியல் கழகம் சிறந்த அறிவியல் பங்களிப்புக்கான விருதை முதன்முறையாக வழங்கியபோது, வுல்ப்காங் கேலர், கென்னத் ஸ்பென்ஸ் ஆகியோருடன் ரோஜர்ஸும் அதைப் பெற்றார். தம் பெயர் அழைக்கப்பட்டபோது அவர் கண்ணீர் வடித்தார்.

தகுதி எது?

1957இல் வெளிவந்த அவருடைய கட்டுரை ஒன்று இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. ஒருவர் மாற்றம் பெறத் தேவையானவையாக அதில் ஆறு நிபந்தனைகளைக் கூறினார். அவற்றுள் ஆற்றுப்படுத்துநரைச் சார்ந்தவை மூன்று: போலியின்றி உண்மையாக இருத்தல்; நிபந்தனை விதிக்காமல் மற்றவரை மதித்தல்; அவருடைய உலகை அவர் கண்கொண்டு உணர்தல். உளவியல், மருத்துவம், சமயம் ஆகியவற்றின் சிறப்பறிவு இந்நிபந்தனைகளுள் இடம்பெறவில்லை என்பதையும் அவரே எடுத்துக்காட்டினார். அத்தகைய அறிவு வேறு வகைகளில் பயனுடையதாகலாம். ஆனால் மேற்கூறிய பண்புகள் நூலறிவால் வருவன அல்ல, பழகிப் பெறும் பயிற்சியால் வருவன என்பது அவர் துணிபு.

அவ்வாண்டே அவர் விஸ்கான்சினுக்குத் திரும்பினார். கடும் மனநோயாளிகளிடையே தம் முறையைச் சோதித்த ஆய்வு எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. குழுவினரிடையே பூசலும் எழுந்தது. 1961இல் வெளிவந்த, மனிதர் தம் இயல்பில் மலர்வதைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு மட்டும் பொதுமக்களிடையே அவரை வீடுதோறும் அறியச் செய்தது. 1964 முதல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் வாழ்ந்தார். குழுச் சந்திப்புகளை நடத்தி, அம்முறையை வட அயர்லாந்தின் இரு சமயத்தார் இடையிலும், தென்னாப்பிரிக்காவின் கறுப்பர், வெள்ளையர் இடையிலும் கையாண்டார்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியல் கழகத்தில் உரையாற்றியபோது, சான்றிதழும் உரிமமும் வழங்கும் முறையே வேண்டுமா என வினவினார். சான்றிதழ் பெற்றோருள் தகுதியற்றோரும் உளர்; பெறாதாருள் திறமையாளரும் உளர்; விதிகள் நேற்றைய அறிவை உறையச் செய்கின்றன என்பது அவர் வாதம். இவ்விடத்தில் அவரோடு முழுதும் உடன்பட என்னால் இயலவில்லை. நெறிப்படுத்துவார் இல்லாத ஆற்றுப்படுத்துநர், நல்லவராயினும், நைந்த உள்ளத்துக்குத் தீங்கிழைக்கக் கூடும். புள்ளியியலும் தேர்வுகளும் ஓராண்டு நிலையப் பயிற்சியும் பன்னிரண்டு ஆண்டு ராச்செஸ்டர் பணியும் கடந்துவந்தவர் அவர். தாம் ஏறிவந்த படிகளை அவர் குறைத்து மதிப்பிட்டார் போலும். எனினும், உளவியல் பட்டம் இன்மையால் மட்டும் எவரும் தடுக்கப்படலாகாது என்பதை வாழ்ந்துகாட்டியவர் அவ்வினாவை எழுப்பியது வியப்பன்று.

எண்பது வயதைக் கடந்தும் பயணம் செய்தார். 1986இல் சோவியத் நாட்டுக்குச் சென்று குழுச் சந்திப்புகளை நடத்தினார். எஞ்சிய பொழுதுகளில் லா ஹோயா வீட்டில் பிகோனியா மலர்ச்செடிகளை வளர்த்தார். வெயில், நிழல், நீர் மூன்றையும் செடிக்கேற்பக் காலையும் மாலையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வார். 1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. ஆனால் இதயம் தாங்கவில்லை. பிப்ரவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார்.